வண்டிக் கோளாறு: தர்மபுரி, கிருஷ்ணகிரி கார்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன், தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் இறக்கத்தில் என் காரின் பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டியில் மனைவியும் மாமியாரும் இருந்தார்கள். மலை ஓரத்தில் தேய்த்து நிறுத்தினேன், யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. வாங்கி பதினான்கு மாதமே ஆன வண்டி.

அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டரோடு நடந்த இழுபறி தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்துபோனது. பாலக்கோட்டு தக்காளி மண்டிக்காரர், கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி, ஓசூர் கம்பெனிக்குப் போய்வரும் பையன்கள் என்று யாராவது ஒருவர் போன் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. பட்டதையும், பட்ட பிறகு தேடிப் படித்ததையும் அவர்கள் கேட்ட வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

தேஞ்சு போறதும் கோளாறுதானே? எதை வெச்சு கம்பெனி தப்புன்னு சொல்றது?

ஓட்ட ஓட்டத் தேய்வதற்கென்றே சில சாமான்கள் உண்டு. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், டயர். இவை தேய்ந்தால் மாற்ற வேண்டியது நம் செலவு. ஆனால் 40,000 கிலோமீட்டர் வரவேண்டிய பேட் 6,000 கிலோமீட்டரில் ஒரு பக்கம் மட்டும் தீர்ந்துபோனால் அது தேய்மானம் இல்லை. பேடை அழுத்துகிற காலிப்பர் இறுகி, அதை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஏன் இப்படி என்று கேட்க வேண்டிய இடம் அது.

ஒழுங்காக ஓட்டி, ஒழுங்காக சர்வீஸ் விட்டும் வருகிற பழுது, திரும்பத் திரும்ப வருகிற பழுது, அதே மாடல் வைத்திருக்கிற வேறு பேருக்கும் வருகிற பழுது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தயாரிப்புக் கோளாறு என்று சந்தேகப்படலாம்.

சர்வீஸ்ல கேட்டா "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்"னு சொல்றாங்க. நம்பலாமா?

சில சமயம் அவர்கள் சொல்வது உண்மை. சடன் பிரேக் அடிக்கும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தால் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள். அதைக் கோளாறு என்று நினைத்துக் காலை எடுத்துவிடக் கூடாது, இன்னும் அழுத்தித்தான் பிடிக்க வேண்டும். பிஎஸ்6 டீசல் வண்டியை ஊருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு எரிவதும் அப்படித்தான். புகைக்கரி அடைத்திருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறபடி பைபாஸில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து சுத்தமாகிவிடும்.

பெடல் பஞ்சு மாதிரி இறங்குவது, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பது, ஓடும்போது ஸ்டியரிங் திடீரென்று கனப்பது, ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிவது, பெட்ரோல் வாசனை வருவது: இந்த ஐந்துக்கும் "இப்படித்தான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். ஷோரூமில் அதே மாடல் டெமோ வண்டி நிற்கும். "அதை ஓட்டிப் பார்க்கிறேன், கூட வாங்க" என்று, குறை கேட்டு எழுதிக்கொள்கிற சர்வீஸ் அட்வைசரைக் கூப்பிடுங்கள். எல்லா வண்டியும் இப்படியா, உங்கள் வண்டி மட்டுமா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வாயால சொன்னா போதாதா? அட்வைசர் நமக்குத் தெரிஞ்ச பையன்தான்.

போதாது. நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். தொப்பூருக்கு முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், "தம்பி, பிரேக் கொஞ்சம் பஞ்சு மாதிரி இறங்குது, பாருப்பா" என்று. அவனும் தலையாட்டினான். நல்ல பையன்தான், இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இரண்டு ஜாப் கார்டிலும் (வண்டியை விடும்போது குறைகளை எழுதிக் கையெழுத்து வாங்குகிற தாள்) எழுதியிருந்தது "ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்" மட்டுமே. விபத்துக்குப் பிறகு மேனேஜர் அந்த இரண்டு தாளையும் என் முன்னால் போட்டு, "பிரேக்கைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஜாப் கார்டில் உங்கள் குறை உங்கள் வார்த்தையிலேயே ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "பிரேக் செக்" என்று எழுதினால் பத்தாது. "காலையில் முதல் முறை மிதிக்கும்போது பெடல் பாதிவரை இறங்குகிறது, இரண்டாவது மிதியில் சரியாகிறது, 11,200 கி.மீ." என்று எழுதச் சொல்லுங்கள். எந்த வேகத்தில், ஏசி போட்டிருந்ததா, இறக்கமா ஏற்றமா, இன்ஜின் சூடாக இருந்ததா என்பதெல்லாம் அதில் வரவேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது என்ன பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று பில்லில் இருக்க வேண்டும். "குறை எதுவும் தென்படவில்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை, வாங்கி வையுங்கள். நீங்கள் சொன்னதற்கு அதுவே சாட்சி. காசு கொடுத்து மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டியில் மாற்றியது கம்பெனிக்குப் போய்விடும், அதை போட்டோவாவது எடுத்துக்கொள்ளலாம்.

அன்று ராத்திரியே டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் சேர்த்து ஒரு மெயில் போடுங்கள். சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், தேதி, நடந்தது. நாலு வரி போதும், தமிழில் எழுதினாலும் செல்லும்.

ரீகால்னு சொல்றாங்களே, அது என்னங்ணா? நம்ம வண்டிக்கு இருக்கான்னு எப்படிப் பாக்கறது?

ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த வண்டிகளில் இன்ன பாகம் பழுது என்று தெரிந்தால், கம்பெனியே கூப்பிட்டு இலவசமாக மாற்றித் தருவதுதான் ரீகால். வாரண்டி முடிந்திருந்தாலும் காசு கேட்கக் கூடாது. 2012-லிருந்து வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் வைத்த விதிப்படி கம்பெனிகள் தாமாகவே செய்துவந்தன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசே ரீகால் செய்யச் சொல்லி உத்தரவிடலாம்.

உங்கள் ஆர்.சி.யில் 17 எழுத்தும் எண்ணுமாக ஒரு சேஸிஸ் நம்பர் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் அல்லது சர்வீஸ் கேம்பெய்ன் என்ற பக்கத்தில் அதைப் போட்டால் தெரிந்துவிடும். போட வராதவர்கள் எந்த டீலரிடமும் நம்பரைக் கொடுத்துக் கேட்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை பாருங்கள். நான் ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போது ஒரு முறையும், இன்சூரன்ஸ் கட்டும்போது ஒரு முறையும் பார்க்கிறேன்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். எனக்கும் ரீகால் உண்டா?

உண்டு. ரீகால் வண்டியைச் சேர்ந்தது, முதலில் வாங்கியவரைச் சேர்ந்தது இல்லை. ஆனால் கடிதமும் போனும் பழைய ஓனருக்குத்தான் போகும். டிஎன் 29, டிஎன் 24, டிஎன் 70 நம்பர் வண்டிகள் மூன்று நான்கு கை மாறி ஊத்தங்கரையிலோ அரூரிலோ ஓடிக்கொண்டிருக்கும். பெங்களூரில் இருக்கிற முதல் ஓனர் அந்தக் கடிதத்தைக் குப்பையில் போட்டிருப்பார். பழைய வண்டி வாங்கினால் முதல் வேலையாக சேஸிஸ் நம்பரைச் சரிபாருங்கள், அப்படியே கம்பெனியில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிடுங்கள்.

ரீகால் வந்துடுச்சுன்னா வண்டியே மோசமா? வித்துடலாமா?

விற்க வேண்டியதில்லை, பழுதைச் சரிசெய்தால் போதும். தவறை ஒத்துக்கொண்டு கூப்பிடுகிற கம்பெனியைவிட மூடி மறைக்கிற கம்பெனிதான் ஆபத்து. 2023 ஜனவரியில் மாருதி 17,362 வண்டிகளை ஏர்பேக் கன்ட்ரோலர் (ஏர்பேக்கைத் திறக்கவைக்கிற பெட்டி) பழுதுக்காகத் திரும்பக் கூப்பிட்டது. அதை மாற்றும்வரை வண்டியை ஓட்டவேண்டாம் என்றும் சொன்னது.

சும்மா விடக் கூடாத கதை டகாட்டா ஏர்பேக். ஜப்பானைச் சேர்ந்த அந்தக் கம்பெனி ஏர்பேக்கை ஊதவைக்க அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வருடக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் பட்டால் அந்த மருந்து கெட்டு, ஏர்பேக் விரியும்போது அளவுக்கு மீறி வெடிக்கும். இரும்புக்கூடு உடைந்து, துண்டுகள் ஓட்டுபவரின் கழுத்துக்கும் முகத்துக்கும் பாயும். காப்பாற்ற வேண்டிய பையே ஆளைக் கொன்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா போன்றவை பழைய வண்டிகளைக் கூப்பிட்டு மாற்றின. சூடும் ஈரமும் சேர்ந்தால் கெடுகிற பொருள் என்பதால், வண்டி பழசாகப் பழசாக ஆபத்து கூடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள்.

தொப்பூர்ல மட்டும் ஏன் இவ்வளவு பிரேக் பெயிலியர்? வண்டிக் கோளாறா, ரோடு கோளாறா?

இரண்டும் கலந்தது, நம் ஓட்டுதலும் சேர்ந்தது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது நீண்ட இறக்கம், வளைவுகள், பாலம். நியூட்ரலில் இறங்குகிற லாரிக்கு வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கிறது. பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த தொடர் விபத்துகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாரி இடித்த கார்களில் இருந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யாதவர்கள்.

காருக்கும் இதே கணக்குதான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்கிற வகை ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறியது 155 டிகிரி வாக்கிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் அதுவே சுருங்கிக்கொள்ளும். பெடல் தரைக்குப் போய்விடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றுவது முக்கியம். சர்வீஸ் பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள், நிறைய பேர் இன்ஜின் ஆயிலோடு நிறுத்திவிடுகிறார்கள்.

என் வண்டியில் ஆயில் நன்றாகவே இருந்தது. பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் பழுது. மெதுவாகப் பழுதாகிக்கொண்டிருந்த சீல்தான் அந்தப் பஞ்சு மிதிக்குக் காரணம். வேகமாக மிதித்தால் பிடிக்கும், மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தால் நழுவும். வீட்டில் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: இன்ஜினை ஓடவிட்டு, சமதளத்தில் நின்றபடி, பெடலை மிதமாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வையுங்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். ஷெட்டுக்கும் ஓட்டிப் போகவேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஓடும்போதே பிரேக் பிடிக்கலைன்னா அந்த நிமிஷம் என்ன பண்றது?

பெடலை வேகமாக நாலைந்து முறை பம்ப் செய்யுங்கள், சில சமயம் அழுத்தம் திரும்ப ஏறும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று. கைபிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே மெல்ல மெல்ல இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுற்றிவிடும். பட்டன் கைபிரேக் இருக்கிற வண்டியில் அதைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தால் வண்டியே பார்த்து நிறுத்தும்.

இன்ஜினை அணைக்காதீர்கள். சாவியைத் திருப்பினால் மிதிக்குப் பலம் கூட்டுகிற பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். ஹசார்ட் விளக்கு, ஹாரன், பிறகு இடது பக்கத் தடுப்பிலோ மலைப் பக்கத்திலோ வண்டியின் உடம்பைத் தேய்த்து நிறுத்துவது. பெயின்ட் போனால் போகட்டும்.

மோதியும் ஏர்பேக் திறக்கல. கம்பெனி மேல கேஸ் போடலாமா?

முதலில் எப்படிப்பட்ட மோதல் என்று பார்க்க வேண்டும். முன் ஏர்பேக் முன்பக்கமாக வருகிற பலமான மோதலுக்கு. பின்னாலிருந்து லாரி இடித்தாலோ, வண்டி உருண்டாலோ அது திறக்காமல் இருப்பது பழுது ஆகாது. லாரியின் பின்பக்கத்துக்கு அடியில் கார் புகுந்துகொண்டால் பானெட்டும் கண்ணாடியும்தான் நசுங்கும், சென்சாருக்கு அந்த அடி சரியாக எட்டாமலும் போகலாம். சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் ஏர்பேக் உதவும். பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிற ஆளின்மேல் விரிகிற பை அடியாகவே விழும்.

நேர்மோதல், பலத்த சேதம், பெல்ட் போட்டிருந்தும் திறக்கவில்லை என்றால் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கம்பெனி வழக்கமாகச் சொல்வது "திறக்கிற அளவுக்கு வேகமோ விசையோ இல்லை" என்பது. இதற்கு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹூண்டாய் கிரெட்டா வழக்கில் நல்ல பதில் சொல்லிவிட்டது. 2015-ல் வாங்கிய வண்டி, 2017-ல் விபத்து, ஏர்பேக் திறக்காமல் உரிமையாளருக்குக் காயம். விசையையும் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வண்டி வாங்குகிறவர் இயற்பியல் நிபுணர் இல்லை, முன்பக்கம் மோதினால் ஏர்பேக் திறக்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார் என்றது நீதிமன்றம். இழப்பீட்டையும், வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவையும் உறுதிசெய்தது. ஏர்பேக் சம்பந்தமாக யாராவது என்னிடம் வந்தால் நான் முதலில் சொல்வது இந்தத் தீர்ப்பைத்தான்.

முன்னாடி கம்பி கார்டு போட்டிருக்கேன். அதனால ஏதாவது ஆகுமா?

ஆகும். மோதலின் விசை சென்சாருக்குப் போகிற விதத்தையே அந்தக் கம்பி மாற்றிவிடும், எதிரே நடந்து வருகிறவருக்கும் எமன். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைத் தடைசெய்து மாநிலங்களுக்கு எழுதியது. முந்தைய கேள்வியில் சொன்ன மாதிரி வழக்கென்று போனால் கம்பெனி முதலில் காட்டுவது உங்கள் கம்பியைத்தான். கழற்றிவிடுங்கள். சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற வண்டிக்கு இறுக்கமான சீட் கவர் தைப்பதும் இதே தப்பு.

பைபாஸ்ல டயர் வெடிச்சுது. டயர் கம்பெனியைக் கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் நிறைய வெடிப்புக்குக் காரணம் காற்று குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறும். சித்திரை வெயிலில் ஓசூரிலிருந்து நிறுத்தாமல் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தால் அது தாங்காது. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. தரையில் படுகிற பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் போன டயரை நம்பாதீர்கள். ரோட்டுப் பள்ளத்தில் அடிபடாமலே புது டயரின் பக்கச்சுவர் புடைத்தாலோ வெடித்தாலோ, டயரைத் தூக்கி எறியாமல் டீலரிடம் கொண்டுபோய் எழுத்தில் கொடுங்கள்.

நிறுத்தி வெச்ச வண்டியில புகை வந்துச்சு. எலியா, கம்பெனியா?

இரண்டுமே இருக்கலாம். தோட்டத்து வீடுகளில் எலி ஒயரைக் கடிப்பது சாதாரணம். வெளியே கடையில் ஒயரை வெட்டி மாட்டிய ஹாரன், லைட், ஸ்பீக்கர் இருந்தால் கம்பெனி கையை உதறிவிடும். அப்படி எதுவும் இல்லை என்றால் எரிந்த இடத்தைக் கழுவவோ பிரிக்கவோ விடாமல் படம் எடுத்துவைத்து, மூன்றாவது பதிலில் சொன்ன மாதிரி எழுதி அனுப்புங்கள்.

விபத்து ஆனதும் சீக்கிரம் வண்டியைச் சரி பண்ணி எடுத்துடலாம்னு இன்சூரன்ஸ்காரர் சொல்றார்.

அவசரப்படாதீர்கள். கோளாறால்தான் விபத்து என்று சந்தேகம் இருந்தால் அந்த வண்டிதான் உங்கள் ஒரே சாட்சி. பிரித்துவிட்டால் போயிற்று. போலீஸ் வழக்கு பதிவானால் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறு உண்டா என்று அறிக்கை கொடுப்பார். அதற்கு முன்பே உங்கள் சந்தேகத்தை ஸ்டேஷனில் எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் "கோளாறு இல்லை" என்று ஒரு வரியில் முடிந்துபோகலாம். நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏர்பேக் கன்ட்ரோலரில் மோதல் நேரத்துத் தகவல் பதிவாகியிருக்கலாம். அதை அழிக்கவோ பெட்டியை மாற்றவோ கூடாது என்று டீலருக்கு மெயில் போடுங்கள்.

இன்சூரன்ஸ் மோதலால் ஆன சேதத்துக்குத்தான். பழுதான பாகத்துக்குக் காசு வராது. எனக்கும் பக்கவாட்டுத் தகடுக்கு இன்சூரன்ஸ் கொடுத்தது, மாஸ்டர் சிலிண்டரை வாரண்டியில் மாற்றினார்கள். மற்றதற்கு ஜாப் கார்டில் எழுத்து இல்லாததால் கை நீட்ட முடியவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போனா செலவு எவ்வளவு? சென்னைக்கு அலையணுமா?

அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் வண்டி வழக்கில் எதிர்த்தரப்பு பெரிய வக்கீலோடு வரும் என்பதை மனதில் வையுங்கள். டீலர், கம்பெனி இரண்டு பேரையும் சேருங்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். "பார்க்கலாம் சார், அடுத்த சர்வீஸில் சரியாகிடும்" என்று இழுப்பதிலேயே அந்த இரண்டு வருடம் கரைந்துவிடும், ஜாக்கிரதை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிவுசெய்து பாருங்கள், சில கம்பெனிகள் அதற்கே இறங்கிவருகின்றன.

ஒகேனக்கலுக்கு டாக்சி ஓட்டறேன். மஞ்சள் போர்டு வண்டிக்கு இது செல்லாதுன்னு சொல்றாங்களே?

வியாபாரத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இருப்பது உண்மை. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக வாங்கியிருந்தால் நீங்களும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. ஒரு வண்டி வைத்து நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டினால் கஷ்டம்.

வண்டியையே மாத்தித் தரச் சொல்ல முடியுமா?

கேட்கலாம், கிடைப்பது அரிது. 2006-ல் மாருதி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றிக் கொடுப்பதுதான் வாரண்டிக் கடமை, வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்றது. மேலே சொன்ன 2022 தீர்ப்பில் மாற்றச் சொன்னார்கள். பழுது சரிசெய்ய முடியாதது, உயிருக்கு ஆபத்தானது என்று காட்டினால்தான் மாற்றம் வரும். அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும். வண்டியைச் சோதனைக்கு அனுப்ப உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, ஆனால் சோதனைக் கட்டணத்தைப் புகார் கொடுத்தவரே முதலில் கட்ட வேண்டியிருக்கும்.

கம்பெனியும் கேக்கல, கேஸுக்கும் தெம்பில்லை. வேற வழியே இல்லையா?

ஒன்று இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. மேலே சொன்ன 110ஏ பிரிவுக்காக வாகன் என்ற இணையதளத்தில் ரீகால் புகார் பதிவுசெய்ய மத்திய அரசு இடம் வைத்திருக்கிறது. 7 வருடத்துக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒரே மாடலில் ஒரே பாதுகாப்புக் கோளாறை விதியில் சொன்ன எண்ணிக்கையில் உரிமையாளர்கள் பதிவுசெய்தால், அரசு விசாரித்து ரீகால் உத்தரவு போடலாம். ஆர்.சி. விவரமும் போன் நம்பரும் இருந்தால் பத்து நிமிட வேலை.

என் பிரேக் கதையை நானும் அதில் பதிந்திருக்கிறேன். அதே மாடல், அதே பஞ்சு மிதி உங்களுக்கும் இருந்தால் உங்களுடையதையும் பதியுங்கள். தனி ஆளாக நான் சொன்னபோது "நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார்கள்.